எலி கடித்த ஸ்பீக்கர்

முதலில் அவமானப்படுத்தியவன் ஜெயந்த். ஷீபா படம் வரைந்து போட்டது, மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்தது, மச்சான் வீட்டு விசேஷத்தில் எவனோ ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் 'மைக் செட்டு, மைக் செட்டு' என்று ராகம் போட்டது எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையைச் சென்னியப்பன் இருபது வருசத்துக்கு மேலாக மாற்றியதில்லை. பல் விளக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்காரும்போது, கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூட ஜெயந்த்தான் முதலில் வந்து நிற்பான், தோளில் கிடாரோடு. மற்றவர்கள் அவனுக்குப் பின்னால். இப்போதும் வந்து நின்றான், ஆனால் இந்தத் தடவை குரலோடு வந்தான். தண்டபாணியின் சலூனில் சுழல் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார் சென்னியப்பன். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, முகம் முழுக்க நுரை. கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவின்மேல் சாய்த்து வைத்த அவருடைய போனிலிருந்து ஜெயந்த் பேசிக்கொண்டிருந்தான். குரல் தடித்திருந்தது. கனடாவில் இருக்கிறானாம். அந்தக் குளிரில் எல்லோருக்கும் குரல் தடித்துவிடுமோ என்னவோ. காலையில் திருப்பூரிலிருந்து மகள் பூங்கோதைதான் அனுப்பி வைத்துக் கூப்பிட்டும் சொன்னாள். "அப்பா, உங்க டெட் லூம் பசங்க பேசறாங்க. பாட்காஸ்ட்டுன்னு சொல்லுவாங்க, ரேடியோவாட்டத்தான். அமுக்குனாப் பேசும்." உங்க பசங்களாம். வீட்டில் வைத்துக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. மயிலாத்தா சும்மா இருக்கமாட்டாள். 'ஏனுங், இன்னுமா அதையே கட்டிட்டு அழுவறீங்க' என்பாள். நாளைக்குப் பேரனுக்குக் காதுகுத்து, சவரம் பண்ணியாக வேண்டும், அதனால் இங்கே வந்து போனைத் தண்டபாணியிடம் நீட்டி, "இதைப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டார். வலது பக்கமாக வைக்கச் சொன்னார். இடது காது போய் நாலைந்து வருசமாகிறது. போன காது சும்மா இருந்தாலும் பரவாயில்லை, அது நாள் முழுக்கக் கரகரவென்று இரைந்துகொண்டே இருக்கிறது. வலது காதும் இப்போது சில நேரம் மங்குகிறது, விளக்கை ஊதி அணைத்த மாதிரி. அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். என்றைக்காவது ஜெயந்த் வாயைத் திறந்து தனக்குச் சொல்லவேண்டிய அந்த வார்த்தையைச் சொல்வான், அன்றைக்குக் கேட்பதற்குக் காது இருக்காது.

"என்னங்ணா, பேசறாங்களே தவிர பாட்டையே காணோம்?" என்றான் தண்டபாணி, கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டே.

"பாட்டு வந்தா நீ ஓடிப் போயிருவ. பேச்சையே கேளு."

"யாருங் இவங்கெல்லாம்?"

"வேண்டியவங்கதான்," என்றார். அதற்குமேல் சொல்ல முடியவில்லை, கத்தி கன்னத்துக்கு வந்துவிட்டது.

கத்தி இறங்கும்போது வாயைத் திறக்கக்கூடாது, அது நல்லதுதான், வாயைத் திறக்காமல் இருந்தால் நினைப்பு நேராகப் போகும் என்று எண்ணிக்கொண்டார். ஆனால் நினைப்பு நேராகப் போகவில்லை, ஒண்டிப்புதூரில் தறிக்கூடங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சந்துக்குத்தான் போயிற்று. அந்தப் பையன்கள் அங்கே ஏன் வந்தார்கள் என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை, அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் விசைத்தறி டடக் டடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினால் யார் கேட்பது, யார் போலீசுக்குப் போவது? நின்றுபோன ஒரு தறிக்கூடத்தைப் பிடித்து தங்கள் பாட்டுக் குழுவுக்கு அதற்கேற்ற மாதிரி பெயரும் வைத்துக்கொண்டார்கள். டெட் லூம் என்றால் செத்த தறி என்று அர்த்தமாம். சித்திரை வெயிலில் கறுப்பு பனியன், தோள்வரை முடி, பல் டாக்டர் வீட்டுப் பையன், பேங்க் மேனேஜர் வீட்டுப் பையன், எல்லோரும் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். சினிமாப் பாட்டு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். பெங்களூரிலும் மெட்ராசிலும் இவர்களை மாதிரியே ஒளிந்து வாசிக்கிற பையன்கள் இருந்தார்கள், கேசட் அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும், கடையில் எங்கேயும் கிடைக்காது. ஷீபா என்று தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், அவள்தான் இதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து ஒரு புத்தகம் மாதிரி விடுவாள். பெயர் 'வேஸ்ட்'. மில்லில் தரையில் விழுகிற கழிவுப் பஞ்சுக்கு அப்படித்தான் பெயர். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவருடைய கடைக்கு மகள் பெயர், பூங்கோதை சவுண்ட் சர்வீஸ். அந்தப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் நோம்பி என்றால் அவர் குழாய் ஸ்பீக்கர்தான், கட்சிக் கூட்டம் என்றால் அவர் மைக்தான். ஜெயந்த் வந்து பழகிப் பார்க்க ஒரு பாக்ஸ் வேண்டும் என்று கேட்டபோது அவரிடம் சும்மா கிடந்தது ஒன்றுதான். மழைக்காலத்தில் எலி கடித்து, உள்ளே இருக்கிற காகிதக் கோன் ஓரத்தில் பிய்ந்து தொங்கிய பெரிய ஸ்பீக்கர். அதைக் கொடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. "தம்பி, இது எலி கடிச்சது, கரகரங்கும். நோம்பி முடியட்டும், நல்லதாத் தாறேன்," என்று சொல்லித்தான் கொடுத்தார். கேட்டுக்கொண்டு நின்றவன் ஜெயந்த். எலி என்று அவர் சொன்னபோது சிரித்தவனும் அவன்தான். கிடாரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். பாக்சுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது, அவமானத்தில். அந்தப் பையன்களுக்கும் முகம் சிவந்தது, அது வேறு எதிலோ. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். புதையல் கிடைத்தவர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று பின்னால், வெகு பின்னால், அவருக்குத் தோன்றியது.

"தலையை இந்தப் பக்கம் திருப்புங்," என்றான் தண்டபாணி.

திருப்பினார். வலது காது துணியில் புதைந்தது. போன் பேச்சு சட்டென்று தூரமாகிவிட்டது, கிணற்றுக்குள் இறங்கின மாதிரி. இடது காதின் இரைச்சல் மேலே ஏறி வந்தது. கையைத் துணிக்கடியிலிருந்து எடுத்து ஆட்டினார்.

"என்னங், வெட்டிருச்சா?"

"கேக்கல. தூக்கி வை, அதை."

தண்டபாணி போனை எடுத்து அவர் மடியில் வைத்தான். "போதுமுங்களா?" போதும். ஷீபாதான் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நிகழ்ச்சிக்கும் 'வேஸ்ட்' என்றுதான் பெயர் வைத்திருந்தாள். ஜெராக்ஸ் போய் இது வந்திருக்கிறது. ஜெயந்த்திடம், யார் யாரெல்லாம் வாசிக்க வருவார்கள், காலை ரயிலில் பெங்களூர் பையன்கள் வந்து இறங்கி எந்தக் கடையில் இட்லி தின்றார்கள் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இட்லிக் கடைக்காரர் பெயர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ராயப்பன் என்று டக்கென்று சொன்னான். சரி, ராயப்பனைச் சொல்கிறவன் சென்னியப்பனைச் சொல்லமாட்டானா என்று நினைத்தார். நினைத்ததும் தனக்கே கோபம் வந்தது, இதென்ன, ராயப்பன் மீந்து போனதைப் போட்டவன், நான் பாக்சைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்தவன்.

ஒரு முறை உண்டு இந்தத் தொழிலில். மைக்கைப் பிடித்து 'ஹலோ, ஹலோ, கேக்குதா' என்று கேட்டால், கடைசிக் குழாய்க்கு அடியில் நிற்கிற ஆள் 'கேக்குது' என்று கையைத் தூக்கிக் காட்டவேண்டும். கோயில் நோம்பியாக இருந்தாலும் மந்திரி கூட்டமாக இருந்தாலும் அந்தக் கை தூக்குகிறவரை வேலை ஆரம்பம் ஆகாது. ஆள் இல்லை என்றால் வழியில் போகிறவன் யாராவது நின்று கேட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவான், கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. தறிக்கூடத்திலும் அவர் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டார். அந்தப் பையன்கள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. காதில் கம்மல் போட்ட டிரம்ஸ்காரன் ஒருத்தன் சிரிப்பான், அவ்வளவுதான். சிறிசுகள், தெரியாது, என்று அப்போது விட்டுவிட்டார். இன்னொரு முறையும் உண்டு. மைக்கில் ஆள் நிற்கும்போது, அவன் என்ன பேசினாலும், மைக் செட்காரன் கரண்டைப் பிடுங்கக் கூடாது. எதிர்க்கட்சிக்காரன் வந்து மைக் செட்காரனையே திட்டினாலும் அந்தத் திட்டைக் கடைசிக் குழாய்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவன் வேலை. சிங்காநல்லூரில் வாடகைக்குப் போகாமல் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தில் அந்தப் பையன்கள் எல்லா ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுப் பெரிதாக நடத்திய அன்றைக்கு, அவர் அந்த முறையைக் காப்பாற்றினார். அது யாருக்கும் தெரியாது. ஒரு பயலுக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஒயர் காலடியில்தான் கிடந்தது, கட்டை விரலால் தள்ளியிருந்தால் போதும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பாக்சைப் பிரித்து, எலி கடித்ததைக் கழற்றி எடுத்துவிட்டு, டவுனில் தேடி வாங்கிய புது ஸ்பீக்கரை மாட்டி, திருகாணியெல்லாம் எண்ணெய் விட்டு முடுக்கி, மரத்துக்குக் கறுப்பு வார்னிஷ்கூட அடித்திருந்தார். வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள், நம்ம ஊர்ப் பையன் கிழிந்த ஸ்பீக்கரில் வாசிக்கலாமா? யாரிடமும் சொல்லவில்லை. வாசிக்கும்போது தெரிந்து சந்தோசப்படட்டும் என்று விட்டுவிட்டார். ஜெயந்த் முதல் இழுப்பு இழுத்தான். சத்தம் மணி மாதிரி வந்தது. அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை அவர் அதற்கு முன்னால் கொடுத்ததில்லை. ஜெயந்த் நிறுத்திவிட்டுப் பாக்சைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்து, "யாருடா இதைத் தொட்டது?" என்றான். கூட்டம் அடங்கிவிட்டது. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான் வேட்டி கட்டி நின்றார். ஜெயந்த் அவரைப் பார்த்துக்கொண்டே, "மைக் செட்காரர் எங்க சவுண்டைக் கொன்னுட்டாரு," என்றான். அது மண்டபம் முழுக்க, கக்கூஸ்வரைக்கும், தெளிவாகக் கேட்டது. அவர் கொடுத்த புது ஸ்பீக்கர் அல்லவா. யாரோ 'மைக் செட்டு' என்று ஆரம்பித்தான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், தலையை ஆட்டி ஆட்டி, ஒருத்தன்மேல் ஒருத்தன் மோதிக்கொண்டு. கீழே விழுந்தவனை மூன்று பேர் தூக்கி நிறுத்தினார்கள். அதை அவர் கவனித்தார். எவனையும் விழ விடமாட்டார்கள், அதுவும் அவர்கள் முறை போலிருக்கிறது. அவரைத் தூக்கி நிறுத்த மட்டும் யாரும் வரவில்லை.

"மூக்கை இப்பிடித் தூக்கிக்கறனுங்," என்று தண்டபாணி இரண்டு விரலால் மூக்கு நுனியைப் பிடித்துக்கொண்டான். ஊதுபத்தியும் சோப்பும் வெற்றிலையும் கலந்த வாசனை. அடுத்த மாசமே 'வேஸ்ட்'டில் படம் வந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரிய எலி, கையில் திருப்புளி. மச்சான் மகன் காலேஜிலிருந்து கொண்டுவந்து காட்டினான். எலிதான் கடித்தது என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டு அவரையே எலியாக்கிவிட்டாள். மீசையைக்கூட அவர் மீசை மாதிரியே போட்டிருந்தாள், திறமைக்காரிதான், இல்லையென்று சொல்ல முடியாது. அதற்கப்புறம் தொழில் போயிற்று. அதற்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, அது அவருக்குத் தெரியும். டீஜே வந்தது, சுவர் மாதிரி பாக்ஸ் அடுக்குகிறவர்கள் வந்தார்கள், குழாய் கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் விற்றார். அட்டாலிப் பரணில் அந்த எலி கடித்தது மட்டும் இருக்கிறது, யூரியாச் சாக்கில் சுற்றி. மயிலாத்தா வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, "ஏனுங், இந்த எலிப் பொந்தை எடைக்குப் போட்டா என்னங்?" என்று கேட்பாள். "கெடக்குட்டும்," என்பார். ஏன் கிடக்கவேண்டும் என்று அவள் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? அவன் வருவான். வந்து வாசலில் நின்று, அண்ணா அந்த ஸ்பீக்கர் இருக்குதுங்களா என்று கேட்பான். அப்போது ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும் அவனுக்கு, சொல்லாமல் கேட்க முடியாது. என்ன வார்த்தை என்று அவரே பலவிதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். தப்புத்தானுங்ணா என்பது ஒன்று. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க என்பது இன்னொன்று. கடைசியில் அவருக்கு எதுவுமே வேண்டாம், சென்னியண்ணா என்று பெயரைச் சொன்னால் போதும் என்கிற இடத்துக்கு வந்து ரொம்ப வருசமாகிவிட்டது.

"சரி, எல்லாரும் கேக்கற கேள்வி," என்றாள் ஷீபா, மடியிலிருந்த போனிலிருந்து. "உங்க டெமோ கேசட்ல வர சவுண்டு. துணி கிழியற மாதிரி. இப்ப பசங்க கம்ப்யூட்டர்ல அதைச் செய்யப் பாக்கறாங்க, வரமாட்டேங்குது. அது எப்படி வந்துச்சு?"

கத்தி தொண்டை முடிச்சுக்கு மேலே இருந்தது. விழுங்காமல் இருந்தார்.

"அதுவா," என்றான் ஜெயந்த். "எந்த ஸ்பீக்கரும் எனக்குச் சரியா வரலை. ஒருநாள் கோவத்துல பிளேடை எடுத்துக் கோனை நானே கிழிச்சேன். அதான். அதுதான் டெட் லூம்."

எலி. இரண்டே எழுத்து. தொண்டைவரை வந்து கத்திக்குக் கீழே நின்றது. தண்டபாணி, "ஆடாதீங்ணா," என்றான். அவர் ஆடவில்லை, தொண்டை தானாக ஆடியது. பிளேடாம். அந்தப் பையனுக்கு அப்போது கிடார் கம்பி மாட்டவே கை நடுங்கும்.

"அப்படியா? எனக்கு வேற மாதிரி ஞாபகம்," என்றாள் ஷீபா. "மைக் செட்காரர் ஒருத்தர் இருந்தாரே."

"ஆமா ஆமா, ஒரு தாத்தா." சிரித்தான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. "அவர் பேரு…"

நிறுத்தினான். யோசிக்கிறான். கனடாவில் உட்கார்ந்து யோசிக்கிறான். சலூனில் மேலே காற்றாடி சுற்றியது, தெருவில் தண்ணீர் லாரி போனது, அது சீக்கிரம் போகட்டும் என்றிருந்தது. தண்டபாணிகூடக் கையை நிறுத்தியிருந்தான். சென்னியப்பன் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நுரைக்குள் உதட்டை அசைத்தார்.

"வரலை, பேரு வரலை. நல்ல மனுசன். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்."

"நான் அவரை ஒரு படம் போட்டேன் ஜெயந்த். இப்ப நினைச்சா எனக்கு—"

"செம கார்ட்டூன் அது!" என்று அவன் நடுவில் விழுந்து சிரித்தான். அவள் சொல்ல வந்தது அந்தச் சிரிப்புக்கடியில் போய்விட்டது. மறுபடி எடுக்கவில்லை அவள். "அந்த ஸ்பீக்கர் மட்டும் இப்ப இருந்தா," என்றான் அவன், குரல் மாறி, அந்த ஒரு வரியில் மட்டும் பழைய பையனாகி, "என்ன வேணும்னாலும் செய்வேன். இதைக் கேக்கறவங்க யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க, ப்ளீஸ்."

தண்டபாணி கத்தியை மடக்கினான். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணா. இந்த மைக் செட்டுத் தாத்தா…"

"தாத்தன் கெடக்கறான். மீசை ஒரு பக்கம் தூக்கியிருக்குது பாரு."

"நெசமாலுமே நீங்கதானுங்களா? பிளேடால கிழிச்சன்னு சொல்றாரே."

"எலி."

"என்னங்?"

"எலி கடிச்சது. அவன் கிழிக்கல, நானும் கிழிக்கல. எலி."

தண்டபாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "குடுங் போனை, நான் ஒரு வரி எழுதிப் போட்டுடறன். எலி கடிச்ச ஸ்பீக்கர் ஒண்டிப்புதூர்ல இருக்குது, ஓனர் உசுரோட இருக்காருன்னு. கனடாக்காரன் நாளைக்கே பிளேன் ஏறிருவான்."

சென்னியப்பன் அதை யோசித்துப் பார்த்தார். ஒரு வரியில் அவனுடைய பிளேடு உடைந்துவிடும். எலி என்று எழுதினால் இதைக் கேட்கிற இத்தனை பையன்களும் சிரிப்பார்கள், இந்தத் தடவை அவனைப் பார்த்து. இனித்தது. அந்த இனிப்பு நாக்கில் கொஞ்சநேரம் இருந்தது. ஆனால் எழுதினால் அவன் ஸ்பீக்கருக்காக வருவான். இவர் இருக்கிற இடத்தை இவரே கையைத் தூக்கிக் காட்டினதாக ஆகிவிடும். 'கேக்குதா' என்று கேட்டவன் ஒருத்தன், பதில் சொல்லவேண்டியவன் இன்னொருத்தன். அது தலைகீழாகப் போய்விடக்கூடாது.

"வேண்டாம். எழுதாத."

"ஏனுங்ணா, கேக்கறாரல்லங்?"

"ஸ்பீக்கரைக் கேக்கறான்."

போனில் ஷீபா எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியாக அந்தக் கேசட்டின் ஆரம்பத்தைப் போடுகிறேன், இதுவரை யாரும் கேட்காத முழுப் பதிவு, என்றாள். முதலில் தறிச்சத்தம் வந்தது. டடக் டடக். அந்தச் சந்து, எண்ணெய் வாசனை, தகரக் கூரையின் சூடு, எல்லாம் அவர் மடிக்கு வந்தன. அப்புறம் ஒரு ஆள், நல்ல கனமான குரல், நாற்பது வயதுக் குரல், "ஹலோ, ஹலோ," என்றது. "கேக்குதா?"

தண்டபாணி சீப்போடு நின்றுவிட்டான். "அண்ணா, இது உங்க கொரலாட்ட இருக்குது."

சென்னியப்பன் போனைத் தூக்கி, நுரை ஒட்டியிருந்த வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டார். தறி ஓடியது. யாரோ கிளுக்கென்று சிரித்தான், கம்மல் போட்டவன். "கேக்குதா தம்பி? யாராச்சும் சொல்லுங்கப்பா," என்றது குரல். கோபமில்லாமல், காத்துக்கொண்டு. தறி ஓடியது. இந்தத் தடவையாவது என்று அவருக்குத் தோன்றியது, பதிந்துபோனது மாறாது என்று தெரிந்தும் தோன்றியது. அப்புறம் துணி கிழிகிற மாதிரி அந்தச் சத்தம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இடது காதில் எப்போதும் இரைவதும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன. முழுதும் கேட்டார். முடிந்ததும் போனைத் தண்டபாணியிடம் கொடுத்தார்.

"கேக்குதுங்ணா," என்றான் தண்டபாணி, கையைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே.

"நீ சொல்லி என்னத்துக்கு ஆவுது? அவனல்லோ சொல்லோணும்," என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் மறுபடி சாய்ந்து கண்ணை மூடி, படிகாரத்துக்குக் கன்னத்தைக் காட்டினார்.